ஆற்றில் போட்டாலும் அளந்து போடு. தொட்டியில் ஊதினாலும் அளந்து ஊது

தெற்குக் கொல்கத்தாவின் டாக்குரியாவைச் சுற்றிச் சில கிலோமீட்டருக்குள், தண்ணீருக்கும் ஆக்சிஜனுக்கும் உள்ள உறவைப் பற்றி மூன்று பாடங்கள் கிடைக்கின்றன. முதலாவது, 1920களில் கல்கத்தா மேம்பாட்டு அறக்கட்டளை சதுப்பு நிலத்தைத் தோண்டி உருவாக்கிய டாக்குரியா ஏரி. 1958இல் ரவீந்திர சரோவர் எனப் பெயர் மாற்றப்பட்ட அந்த 73 ஏக்கர் நீர்ப்பரப்பில், கரைந்த ஆக்சிஜன் குறைந்து மீன்கள் செத்து மிதந்த செய்திகள் அவ்வப்போது வந்துள்ளன. இரண்டாவது, அடுத்த ரயில் நிலையமான ஜாதவ்பூரில் 1950 முதல் இயங்கிவரும் மத்திய கண்ணாடி மற்றும் பீங்கான் ஆராய்ச்சி நிறுவனம். ஆர்சனிக்கும் இரும்பும் கலந்த நிலத்தடி நீரைச் சுத்திகரிக்கும் பீங்கான் சவ்வுகளில் நீண்ட அனுபவம் கொண்டது அது. மூன்றாவது, நகரின் கிழக்கு விளிம்பில் 12,500 ஹெக்டேர் பரப்பில் விரிந்திருக்கும் கிழக்குக் கொல்கத்தா ஈரநிலங்கள். நகரத்தின் கழிவுநீரை வெயிலையும் பாசியையும் கொண்டு மீன் வளர்க்கும் நீராக மாற்றும் இடம்.

மூச்சுமுட்டும் ஏரி, சவ்வு செய்யும் ஆய்வகம், காசில்லாமல் ஆக்சிஜன் தரும் குளங்கள். இம்மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் எவருக்கும் ஒரு கேள்வி எழ வேண்டும். சவ்வுவழிக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பைப் பற்றி இந்நாட்டில் எழுதப்படும் ஆய்வேடுகளில் பெரும்பாலானவை அந்தக் கேள்வியைத் தொடாமலேயே முடிந்துவிடுகின்றன. கேள்வி மிக எளியது: காற்றுக்கு எவ்வளவு மின்சாரம் செலவாகிறது?

கழிவுநீர்த் தொட்டிக்குள் காற்றை ஊதுவது புதிய கலை அன்று. 1914இல் மான்செஸ்டரில் ஆர்டெர்னும் லாக்கெட்டும் கழிவுநீருக்குள் தொடர்ந்து காற்றை ஊதி, படிந்த கசட்டைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியபோது கிளர்வுறு கசடு முறை பிறந்தது. அவர்களுக்கு வழிகாட்டிய கில்பர்ட் ஃபௌலர் சில ஆண்டுகளில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்குப் பேராசிரியராக வந்தார். ஆகவே இந்தத் துறை இந்தியக் கல்விக்கூடங்களுக்கு நூறாண்டுப் பழக்கம் உடையது. 1989இல் டோக்கியோவில் கசுவோ யமமோட்டோவும் அவருடைய குழுவினரும் நுண்துளைச் சவ்வையே அந்தத் தொட்டிக்குள் அமிழ்த்தி, உறிஞ்சி வடிகட்டலாம் என்று காட்டினர். அதற்கு முன் கசட்டு நீரை அழுத்தத்தோடு வெளியே உள்ள சவ்வுகளின் வழியே சுழற்ற வேண்டியிருந்தது. மின்சாரச் செலவு தாங்க முடியாததாக இருந்தது. சவ்வு உயிர்வினைகலன், அதாவது எம்.பி.ஆர்., பரவலான நகர்ப்புறத் தொழில்நுட்பமானது அந்த ஒரு மாற்றத்தால்தான். சவ்வின் வேதியியலில் அன்று புரட்சி எதுவும் நடக்கவில்லை. சவ்வை எங்கே வைப்பது, எதைக் கொண்டு அதைத் தூய்மையாக வைத்திருப்பது என்ற ஆற்றல் கணக்கே அதன் வரலாற்றைத் திருப்பியது. இந்த உண்மையை மனத்தில் கொண்டுதான் இன்றைய ஆய்வுகளை மதிப்பிட வேண்டும்.

எம்.பி.ஆர். தொட்டியில் காற்று இரண்டு வேலைகளைச் செய்கிறது. நுண்ணுயிரிகளுக்கு ஆக்சிஜன் தருவது ஒன்று. இதற்கு நுண்குமிழிகள் ஏற்றவை. சவ்வின் மேல் படியும் கசட்டைத் தேய்த்து அகற்றுவது மற்றொன்று. இதற்குப் பெருங்குமிழிகள் வேண்டும். பெருங்குமிழிகள் வேகமாக மேலேறிவிடுவதால் அவற்றிலிருந்து நீரில் கரையும் ஆக்சிஜன் மிகக் குறைவு. ஒரே கட்டடத்தில் ஒரே வகை ஊதுகருவிகள் இரண்டு வேலைகளுக்கும் ஓடுவதால், இரண்டும் ஒரே செலவாகக் கருதப்படுகின்றன. மரபான கிளர்வுறு கசடு நிலையம் ஒரு கன மீட்டர் கழிவுநீருக்கு ஏறத்தாழ 0.3 முதல் 0.6 யூனிட் வரை மின்சாரம் கேட்கிறது. எம்.பி.ஆர். நிலையம் பொதுவாக 0.6 முதல் 1 யூனிட் வரை கேட்கிறது. சரியாக இயக்கப்படாதபோது அதையும் தாண்டுகிறது. அதில் பாதிக்கு மேல் காற்றுக்கே போகிறது.

இது ஏதோ மின்கட்டணப் பிரச்சினை என்று ஒதுக்கிவிட முடியாது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021இல் வெளியிட்ட கணக்கின்படி இந்திய நகரங்களில் நாளொன்றுக்கு உருவாகும் கழிவுநீர் 72,368 மில்லியன் லிட்டர். நிறுவப்பட்ட சுத்திகரிப்புத் திறன் 31,841 மில்லியன் லிட்டர். உண்மையில் சுத்திகரிக்கப்படுவது 20,235 மில்லியன் லிட்டர். முதல் இரண்டு எண்களுக்கு இடையிலான இடைவெளி நிலையங்கள் கட்டப்படாததால் வந்தது. அடுத்த இடைவெளி வேறு வகையானது: கட்டிய பிறகும் பயன்படாத திறன் அது. அதற்குக் காரணங்கள் பல. கழிவுநீரைக் கொண்டுவந்து சேர்க்கும் குழாய் இல்லாதது ஒன்று. ஓட்டுவதற்குப் பணம் இல்லாதது மற்றொன்று. அடுக்குமாடிக் குடியிருப்பின் அடித்தளத்தில் இருக்கும் சிறு நிலையத்தின் ஊதுகருவியை இரவில் நிறுத்திவிடும் வழக்கத்தை இத்துறையில் அறியாதவர் இல்லை. நாளொன்றுக்கு 1,000 கன மீட்டரைச் சுத்திகரிக்கும் நிலையம் கன மீட்டருக்கு 1 யூனிட் செலவழித்து, யூனிட்டுக்கு 8 ரூபாய் கொடுத்தால், மாத மின்கட்டணம் 2,40,000 ரூபாய். அதைக் கட்ட முடியாதவர் முதலில் கை வைப்பது ஊதுகருவியின் பொத்தானில்தான். காற்று நின்ற சில மணி நேரத்தில் தொட்டி நாறத் தொடங்கும். சில நாள்களில் கசடு செத்துவிடும். வெளியேறும் நீர் கால்வாய்க்கும், கால்வாயிலிருந்து ஏரிக்கும் போகும்.

ஆகவே காற்றூட்ட ஆற்றலைக் குறைக்கும் ஆய்வை மின்சிக்கனத்தின் கிளையாக எண்ணுவது பிழை. நிலையம் ஓடுமா ஓடாதா என்பதையே தீர்மானிக்கும் ஆய்வு அது. இத்தனை அடிப்படையான ஒன்றில் கல்விக்கூடங்கள் செய்வது என்ன?

முதல் குற்றச்சாட்டு: ஆய்வின் குறி தவறிய இடத்தில் இருக்கிறது. சவ்வடைப்பைத் தடுக்கும் புதிய சவ்வுப்பொருள் என்ற ஒரே தலைப்பின் கீழ் ஆய்வேடுகள் குவிகின்றன. பாலிமரில் ஒரு நானோ துகளைச் சேர்ப்பது, நீர் ஒட்டும் கோணத்தை அளப்பது, அல்புமின் கரைசலைச் சில மணி நேரம் வடிகட்டிப் பார்ப்பது, ஊடுருவல் மீட்சி உயர்ந்தது என்று முடிப்பது. துகள் மாறுகிறது, வாய்பாடு மாறுவதில்லை. உள்ளங்கை அளவுச் சவ்வில், சர்க்கரையும் உப்பும் கலந்த செயற்கைக் கழிவுநீரில், ஒரு குமிழிகூட இல்லாத கலத்தில் கிடைத்த முடிவு, ‘ஆற்றல் சேமிப்புக்கு வழிவகுக்கும்’ என்ற முடிவுரை வாக்கியத்தோடு இதழுக்குப் போகிறது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இங்கே சுரைக்காயின் படம்கூட முழுதாக வரையப்படவில்லை. உண்மைக் கசட்டில் சில வாரங்கள் அமிழ்ந்திருந்தாலே எந்தச் சவ்வின் மேலும் உயிர்ப்படலம் படர்ந்துவிடுகிறது. அதன்பின் கசடு சந்திப்பது பழைய படலத்தைத்தான். விலையுயர்ந்த புதிய மேற்பரப்பு அடியில் மறைந்துபோகிறது. அந்தக் கட்டத்தில் சவ்வை ஓட வைப்பவை மூன்று: எந்த வீதத்தில் உறிஞ்சுகிறார்கள், எப்படி ஊதுகிறார்கள், எப்போது ஓய்வு தருகிறார்கள். சவ்வடைப்பு வேகமெடுக்காத உச்ச உறிஞ்சு வீதம் என்ற கருத்தை ராபர்ட் ஃபீல்டும் உடன் ஆய்வாளர்களும் 1995இலேயே முன்வைத்தனர். அந்த வீதத்துக்குக் கீழே இயக்கினால் காற்றின் தேவை பெருமளவு குறையும். முப்பது ஆண்டுகள் கழிந்த பின்னும், தாம் பயன்படுத்திய கசட்டுக்கு அந்த வீதம் எவ்வளவு என்று அளந்து எழுதும் ஆய்வேடுகள் அரிதாகவே இருக்கின்றன.

இரண்டாம் குற்றச்சாட்டு: அடிப்படை சொல்லாத சதவீதம். ‘காற்றூட்ட ஆற்றல் 40 சதவீதம் குறைந்தது’ என்று ஒரு கட்டுரை சொல்கிறது. எதிலிருந்து? தேவைக்கு மும்மடங்கு ஊதிக்கொண்டிருந்த ஆய்வகத் தொட்டியிலிருந்து 40 சதவீதம் குறைப்பது எவருக்கும் இயலும். குழாயின் திருகைச் சிறிது திருப்பினால் போதும். ஒரு சிறு கணக்கு இதைத் தெளிவாக்கும். 10,000 சதுர மீட்டர் சவ்வு உள்ள நிலையம் ஒன்றில், ஒரு சதுர மீட்டருக்கு மணிக்கு 0.3 கன மீட்டர் வீதம் தேய்ப்புக் காற்று ஊதப்படுகிறது என்று கொள்ளலாம். மொத்தம் மணிக்கு 3,000 கன மீட்டர் காற்று. சதுர மீட்டருக்கு மணிக்கு 20 லிட்டர் நீர் உறிஞ்சப்பட்டால் மணிக்கு 200 கன மீட்டர் தெளிநீர் கிடைக்கும். அதாவது ஒரு கன மீட்டர் நீருக்கு 15 கன மீட்டர் காற்று. நான்கு மீட்டர் ஆழத்துக்கு ஒரு கன மீட்டர் காற்றை ஊத ஏறக்குறைய 0.017 யூனிட் ஆகும். தேய்ப்புக்கு மட்டும் கன மீட்டர் நீருக்கு 0.25 யூனிட். இப்போது அதே நிலையத்துக்குப் பாதிக் கழிவுநீர்தான் வருகிறது. புதிய குடியிருப்புகளில் வீடுகள் நிரம்பும்வரை இதுவே நிலை. எல்லா நிலையங்களிலும் நள்ளிரவில் இதுவே நிலை. காற்று அப்படியே ஓடுகிறது. ஒரு கன மீட்டர் நீருக்கு 30 கன மீட்டர் காற்று, 0.5 யூனிட். சவ்வு மாறவில்லை, கசடு மாறவில்லை, செலவு இரட்டித்துவிட்டது. சவ்வின் பரப்புக்குக் கணக்கிட்டால் காற்றின் அளவு மாறாததுபோலத் தோன்றும். கிடைத்த நீருக்குக் கணக்கிட்டால்தான் விரயம் தெரியும். ஆய்வேடுகள் முதல் எண்ணை மட்டும் தருகின்றன, அதுவும் தந்தால்.

இதற்கான தீர்வுகளும் புதியவை அல்ல. சவ்வுத் தொகுதிகளைப் பிரித்து, தேவையற்ற தொகுதிகளுக்கு ஓய்வு கொடுக்கலாம். பத்து வினாடி ஊதிப் பத்து வினாடி நிறுத்தும் முறை வணிக நிலையங்களில் நெடுநாள்களுக்கு முன்பே வந்துவிட்டது. ஓட்டம் குறைந்த வேளையில் பத்து வினாடி ஊதி முப்பது வினாடி நிறுத்தும் முறையும் வந்தது. சிங்கப்பூரில் உலு பாண்டான் நிலையத்தில் 2006 இறுதியில் ஓடத் தொடங்கிய எம்.பி.ஆர்., நாளொன்றுக்கு 23,000 கன மீட்டர் அளவிலான செயல்விளக்க நிலையம். அங்கே ஆய்வாளர்களும் இயக்குநர்களும் சேர்ந்து காற்றைப் படிப்படியாகக் குறைத்து, மொத்தச் செலவைக் கன மீட்டருக்கு 0.4 யூனிட் அளவுக்குக் கொண்டுவந்தனர். மந்திரச் சவ்வு எதுவும் அங்கே இல்லை. மின்மானி இருந்தது, அதை நாள்தோறும் படித்தவர்கள் இருந்தார்கள்.

மூன்றாம் குற்றச்சாட்டு: குளிர்நாட்டு எண்களைக் கேள்வியின்றி ஏற்பது. ஐரோப்பிய வடிவமைப்பு நெறிகள் குளிர்காலத்தில் 10 பாகை வரை இறங்கும் கழிவுநீரை முன்வைத்து எழுதப்பட்டவை. 10 பாகையில் தண்ணீரின் பாகுநிலை 1.31 மில்லி பாஸ்கல் வினாடி. 30 பாகையில் 0.80. அதே அழுத்தத்தில், அதே சவ்வின் வழியே, வெப்பமான நீர் 1.6 மடங்கு வேகமாக ஊடுருவும். கொல்கத்தாவிலும் சென்னையிலும் கழிவுநீர் ஆண்டின் பெரும்பகுதி 30 பாகையை ஒட்டியே இருக்கிறது. கசட்டு நீரின் பாகுநிலையும் வெப்பத்தில் குறைவதால், குமிழிகளின் தேய்ப்பு வேறு விதமாகச் செயல்படும். நுண்ணுயிரிகளின் வேகம் கூடும். ஆக்சிஜன் கரையும் அளவு குறையும். இவை அனைத்தையும் சேர்த்து, வெப்பநாட்டுக்கு எவ்வளவு தேய்ப்புக் காற்று போதும் என்று நிறுவும் நீண்டகாலத் தரவு யாருடைய வேலை? டென்மார்க்கிலோ ஜெர்மனியிலோ இருப்பவர் அதைச் செய்து தரமாட்டார். டாக்குரியாவின் வியர்வையை ஸ்டுட்கார்ட்டின் பனியில் அளக்க முடியாது. எனினும் இந்திய ஆய்வேடுகளின் இரண்டாம் அத்தியாயத்தில் அந்தக் குளிர்நாட்டு எண்ணே அட்டவணையாக வந்து அமர்கிறது. நான்காம் அத்தியாயத்தில் அதுவே இயக்க நிலையாக மாறிவிடுகிறது.

நான்காம் குற்றச்சாட்டு நுண்ணுயிரிகளுக்கான காற்றைப் பற்றியது. எம்.பி.ஆர். தொட்டியில் கசட்டை அடர்த்தியாக வைத்துக்கொள்ளலாம் என்பது அதன் பெருமையாகப் பாடநூல்களில் சொல்லப்படுகிறது. அந்தப் பெருமைக்கு விலை உண்டு. கசடு அடர அடர, குமிழியிலிருந்து நீருக்கு ஆக்சிஜன் கடப்பது கடினமாகிறது. தூய நீரோடு ஒப்பிட்டு இதை அளக்கும் எண் ஆல்ஃபா காரணி. கிராம்ப்பே, கிரௌத் ஆகியோர் 2003இல் தந்த சமன்பாட்டின்படி, லிட்டருக்கு 12 கிராம் கசடு இருக்கும்போது ஆல்ஃபா சுமார் 0.35, 8 கிராமுக்கு இறக்கினால் சுமார் 0.5. அதாவது அதே ஆக்சிஜனைக் கரைக்க ஏறத்தாழ 30 சதவீதம் குறைவான காற்று போதும். இதற்குப் புதிய கருவி தேவையில்லை. கசட்டை உரிய நேரத்தில் வெளியேற்றினால் போதும்.

கரைந்த ஆக்சிஜனின் இலக்கும் அவ்வாறே. 30 பாகையில் நீர் ஏற்கக்கூடிய ஆக்சிஜன் லிட்டருக்குச் சுமார் 7.5 மில்லிகிராம். தொட்டியில் 2 மில்லிகிராம் இருந்தால் கரைதலை உந்தும் இடைவெளி 5.5, 4 மில்லிகிராம் இருந்தால் 3.5. ஆகவே இரண்டுக்குப் பதில் நான்கைப் பிடித்து வைத்திருப்பவர், நுண்ணுயிரிகளுக்கு யாதொரு பயனும் இன்றி, ஒன்றரை மடங்குக்கு மேல் ஊதுகிறார். மேலும், தேய்ப்புக் காற்றால் ஆக்சிஜன் ஏறிய கசட்டுநீரைச் சவ்வுத் தொட்டியிலிருந்து நேரே ஆக்சிஜனற்ற தொட்டிக்குத் திருப்பி அனுப்பும் நிலையங்களில் நைட்ரேட் நீக்கமும் கெடுகிறது. அதே நீரை முதலில் காற்றூட்டத் தொட்டிக்குத் திருப்பினால், தேய்ப்புக்காகச் செலவான காற்றில் ஒரு பங்கேனும் உயிர்க்காற்றாகப் பயன்படும். ஒரு குழாயின் திசையை மாற்றும் வேலை அது. இதில் காப்புரிமை கிடைக்காது. ஆகவே இதை ஆய்வுத் தலைப்பாகக் கொள்ள மாணவர்களை எவரும் ஊக்குவிப்பதில்லை.

இவ்வாதங்களுக்கு மறுப்பு உண்டு. அவற்றுள் வலுவானவற்றைத் தட்டிக்கழிப்பது நேர்மையாகாது.

முதல் மறுப்பு நிலைய இயக்குநரிடமிருந்து வருகிறது. காற்றைக் குறைத்துச் சவ்வு அடைத்துக்கொண்டால், சவ்வை மாற்றும் செலவு மின்சாரத்தில் மிச்சமானதை ஒரே நாளில் விழுங்கிவிடும் என்கிறார் அவர். அவருடைய அச்சம் நியாயமானது. சவ்வு பழுதானால் விளக்கக் கடிதம் எழுத வேண்டியவர் அவர். காற்றை மிச்சப்படுத்தியதற்காக அவருக்கு ஊதிய உயர்வு வருவதில்லை. ஆனால் இந்த அச்சமே ஆய்வாளர்களின் மீது வைக்கப்படும் குற்றப்பத்திரிகை. எந்தக் கசட்டில், எந்த வெப்பத்தில், எந்த உறிஞ்சு வீதத்தில், எவ்வளவு காற்று வரை குறைத்தால் சவ்வழுத்தம் ஆறு மாதத்துக்கு ஏறாமல் இருக்கும் என்ற உள்நாட்டுத் தரவு அவர் கையில் இருந்திருந்தால் அவர் அஞ்ச மாட்டார். தரவு இல்லாத இடத்தில் முழு வேகமே பாதுகாப்பு என்று அவர் முடிவு செய்வது அறிவுள்ள செயல். அறிவில்லாமல் நடந்துகொண்டது அந்தத் தரவைத் திரட்ட மறுத்த கல்வியுலகம்.

இரண்டாம் மறுப்பு: விரைவில் வேறு தொழில்நுட்பம் வந்துவிடும், குமிழியே தேவைப்படாது என்பது. இதில் உண்மை இருக்கிறது. வாயு ஊடுருவும் சவ்வு இழைகளுக்குள் காற்றைச் செலுத்தி, இழையின் வெளிப்புறம் வளரும் உயிர்ப்படலத்துக்குக் குமிழியின்றியே ஆக்சிஜன் தரும் முறை நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆக்சிஜனே இல்லாத சவ்வுக் கலன்களும் உள்ளன. 2011இல் கொரியாவின் இன்ஹா பல்கலைக்கழகத்தில் பெர்ரி மெக்கார்ட்டியும் இணைந்த குழு, கரித்துகள்களை மிதக்கவிட்டு அவற்றின் உராய்வாலேயே சவ்வைத் தேய்க்கலாம் என்று காட்டியது. அந்த ஆய்வு உலகெங்கும் மேற்கோள் காட்டப்படக் காரணம், அது ஆற்றல் கணக்கை முன்னே வைத்ததுதான். இம்முறைகளுக்கும் தத்தம் சிக்கல்கள் உண்டு: கரித்துகள் சவ்வையே தேய்த்துவிடக்கூடும், ஆக்சிஜனற்ற கலனிலிருந்து வெளியேறும் நீரில் கரைந்த மீத்தேன் தப்பிப் போகும். அவை தீரும்வரை, ஏற்கெனவே கட்டப்பட்ட எம்.பி.ஆர். நிலையங்கள் ஊதிக்கொண்டுதான் இருக்கும். நாளை வரப்போகும் குதிரைக்காக இன்று வண்டியிழுக்கும் மாட்டைப் பட்டினி போடுவதில் பொருள் இல்லை.

மூன்றாம் மறுப்பு கொல்கத்தாவுக்கே உரியது, அழகானதும்கூட. ஊதுகருவியே வேண்டாம், கிழக்கு ஈரநிலங்கள் போதும் என்கிறது அது. அந்த ஈரநிலங்களின் அறிவியலை உலகுக்கு எடுத்துச் சொன்னவர் துருபஜோதி கோஷ் என்ற பொறியாளர். கழிவுநீர் எங்கே போகிறது என்று தேடிப் போனவர், மீனவர்கள் தலைமுறைகளாகச் செய்துவந்ததைக் கண்டார். ஆழம் குறைந்த பேரிகளில் கழிவுநீர் வெயிலில் நிற்கிறது. பாசி ஒளிச்சேர்க்கையால் ஆக்சிஜன் விடுகிறது. நுண்ணுயிரிகள் அதைக் கொண்டு கழிவைச் சிதைக்கின்றன. மீன்கள் மிதவை உயிரிகளைத் தின்கின்றன. காற்றூட்டத்துக்கு மின்சாரச் செலவு சுழியம். 1992இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் அந்நிலத்தைக் காக்கும் தீர்ப்பை வழங்கியது. 2002 ஆகஸ்டில் அது ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. 2006இல் அதற்கெனத் தனிச்சட்டம் வந்தது. காற்றூட்டம் கற்பிக்கும் எந்த வகுப்பும் அங்கே ஒரு நாளைச் செலவிட வேண்டும்.

எனினும் அந்த ஈரநிலத்தை எல்லாக் கேள்விக்கும் விடையாக நீட்டுவது அதற்கே தீங்கு. அதற்கு ஆயிரக்கணக்கான ஹெக்டேர் நிலம் வேண்டும். டாக்குரியாவின் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அடித்தளத்தில் நான்கு கார் நிறுத்தும் இடம்தான் உண்டு. மருத்துவமனைக் கழிவுநீரையும், கழிவறைக்குத் திரும்பப் பயன்படுத்த வேண்டிய நீரையும் அத்தனை நெருக்கடியான இடத்தில் தெளிவாக்க, சவ்வைப்போல் நம்பத்தக்கது அதிகமில்லை. ஈரநிலம் கற்பிக்கும் பாடம் வேறு. ஆக்சிஜனுக்கு ஒரு விலை உண்டு. அங்கே அது நிலமாகவும் வெயிலாகவும் காலமாகவும் கொடுக்கப்படுகிறது, இங்கே நிலக்கரி எரித்த மின்சாரமாகக் கொடுக்கப்படுகிறது. பேரியின் மீனவர் தம் விலையை நன்கறிவார். நீரின் நிறத்தையும், விடியற்காலையில் மீன் மேலே வந்து வாய் திறப்பதையும் பார்த்து, இன்று எவ்வளவு கழிவுநீரை உள்ளே விடலாம் என்று தீர்மானிப்பார். ஆக்சிஜனை அளந்து செலவிடும் அந்த ஒழுக்கம், மின்மானியும் உணரியும் கணினியும் வைத்திருக்கும் ஆய்வகங்களில் இல்லை என்பதுதான் வெட்கக்கேடு.

ஆகவே கோரிக்கைகள் தெளிவானவை. எவரும் பெரும் நிதி கேட்கத் தேவையில்லாதவை.

சவ்வு உயிர்வினைகலன் பற்றிய எந்த ஆய்வேட்டிலும் ஐந்து எண்கள் கட்டாயம் இருக்க வேண்டும். சவ்வுப் பரப்புக்கு ஊதப்பட்ட காற்று, கிடைத்த நீருக்கு ஊதப்பட்ட காற்று, அந்தக் கசட்டில் அளக்கப்பட்ட ஆல்ஃபா காரணி, நீரின் வெப்பநிலை, தேய்ப்புக்கும் உயிர்வினைக்கும் தனித்தனியே கணக்கிட்ட யூனிட். இவை இல்லாத ஆய்வேட்டில் ‘ஆற்றல் சேமிப்பு’ என்ற சொல்லை வாய்மொழித் தேர்வின்போது தேர்வாளர்கள் அடித்துவிட வேண்டும். இதழ்களுக்கு மதிப்பீடு செய்யும் பேராசிரியர்கள், செயற்கைக் கழிவுநீரில் சில மணி நேரம் ஓடிய சோதனைக்கு முழு நிலையத்தின் சேமிப்பை உரிமை கோரும் கட்டுரைகளைத் திருப்பி அனுப்ப வேண்டும். பல்கலைக்கழக விடுதிகளும் வளாகங்களும் தாமே கழிவுநீர் நிலையங்களை வைத்திருக்கின்றன. அவற்றின் ஊதுகருவிகளுக்குத் தனி மின்மானி பொருத்தி, ஆண்டு முழுவதற்குமான தரவை மாணவர்களுக்குத் திறந்துவிட வேண்டும். தன் விடுதியின் கழிவுநீர் எத்தனை யூனிட் தின்கிறது என்று சொல்லத் தெரியாத துறை, நகரத்துக்கு அறிவுரை சொல்வது ஊருக்கு உபதேசம்.

பீங்கான் சவ்வுகளுக்கும் இதே அளவுகோல்தான். பாலிமர்ச் சவ்வு தாங்காத கடும் வேதிக் கழுவலையும் வலுவான பின்னோட்டக் கழுவலையும் பீங்கான் தாங்கும். அப்படியானால், தொடர்ந்து ஊதிக்கொண்டிருப்பதற்குப் பதிலாக அவ்வப்போது கழுவிக்கொள்ளலாமா, அதனால் தேய்ப்புக் காற்று எவ்வளவு குறையும், பீங்கானின் கூடுதல் விலையை அந்தச் சேமிப்பு எத்தனை ஆண்டில் ஈடுகட்டும்? உண்மைக் கழிவுநீரில், வங்காளத்தின் வெப்பத்தில், ஓராண்டு ஓட்டிப் பார்த்தால் விடை கிடைக்கும். டாக்குரியாவைச் சுற்றியுள்ள சில கிலோமீட்டரில் சவ்வும் இருக்கிறது, கழிவுநீரும் இருக்கிறது, மாணவர்களும் இருக்கிறார்கள். இத்தனையும் ஓரிடத்தில் அமைவது எளிதன்று. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்று முன்னோர் சொன்னதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் அமையாது.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது தமிழ்நாட்டுச் சமையலறைகளில் வழங்கும் பழமொழி. வீணாகப் போவதானாலும் எவ்வளவு போகிறது என்று தெரிந்திருக்க வேண்டும் என்பது அதன் பொருள். கண்ணுக்குத் தெரியாத பொருளாக இருப்பதால் காற்றுக்கு இந்த நீதி பொருந்தாது என்று எவரும் சொல்ல முடியாது. அளக்கப்படாத அந்தக் காற்றுக்கான கட்டணத்தை யாரோ ஒருவர் ஒவ்வொரு மாதமும் கட்டிக்கொண்டிருக்கிறார். அவரால் கட்ட முடியாமல் போகும் மாதத்தில் ஊதுகருவி நிற்கும். நுண்துளைச் சவ்வும் நானோ துகளும் இருளில் கிடக்கும். அடுத்த கோடையில் ஏதோ ஓர் ஏரியில் மீன்கள் வாய் திறந்தபடி மிதக்கும்.